அம்சவல்லிக்குக் கொடுத்த மருந்து

எங்கள் வீட்டு நாய் மணிக்குப் பத்து வயதாகிறது, சார். இந்த வயதிலும் சொறி கிடையாது, முடி கொட்டவில்லை. வேப்பம்பட்டைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மனிதர், ஆடு, மாடு, நாய் எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. கடைக்கு விளம்பரமே என் மனைவி அம்சவல்லிதான். கல்யாணமான புதிதில் அவளுக்கு அடிக்கடி வலிப்பு வரும். நான் கஷாயம் கொடுக்கத் தொடங்கியபின் ஒன்பது வருடமாக வரவில்லை. "இவரு கஷாயத்தாலதாங்க நான் நடமாடிட்டு இருக்கேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் அவளே சொல்வாள்.

சித்திரையில் மங்கலம்பேட்டை ஜைத்தூன் பீவி மகளின் வலிப்புக்குக் கஷாயம் வாங்க மறுபடியும் வந்தார். மாத்திரையை நிறுத்தியாயிற்றா என்று கேட்டேன்.

"இல்லீங்க. நிறுத்தாதீங்கன்னு உங்க வூட்டம்மாதான் தனியா கூப்ட்டு சொன்னாங்க. அவங்களும் கவர்மெண்டு ஆஸ்பத்திரி மாத்திரதான் சாப்புடுறாங்களாமே?"

மறுநாள் கடைக்குக் கிளம்புவதுபோல் கிளம்பிக் கொல்லைப்புறம் நின்று பார்த்தேன். அம்சவல்லி என் கஷாயத்தை மணியின் பால்சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள். பிறகு பவுடர் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினாள்.

ஒன்பது வருடம் தினமும் காய்ச்சினேன், சார். அவள் வேறொருவனோடு போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தொழிற்பேட்டையில் பொம்மைக்கு அச்சு எடுப்பவரிடம் கொஞ்சம் பிளாஸ்டர் வாங்கி, அவளுடைய மாத்திரை ஒன்றை வைத்து அச்சு எடுத்தேன். நடுவிலுள்ள கோடுகூடச் சுத்தமாக விழுந்தது. என் சூரணத்தை வெள்ளைக் களிமண்ணோடு பிசைந்து, அந்த அச்சில் அழுத்தி எடுத்து, நிழலில் உலர்த்தினேன். அட்டை என் கண்ணில் படக்கூடாது என்று அவள் மாத்திரைகளை உதிர்த்துத்தான் வைத்திருந்தாள். மாற்றி வைக்க எனக்கு அது வசதியாகிவிட்டது.

இருபத்திரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. இருபத்துமூன்றாம் நாள் அடுப்படியில் விழுந்தாள். வலிப்பு நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டு ராஜாம்பாள், "ஆம்புலன்ஸ கூப்புடுங்க" என்று கதவைத் தட்டினாள். நான் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கஷாயம் சூடாக்கப் போனேன். அது கொதிப்பதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

மாத்திரையை மாற்றியதும் நான்தான், கதவைப் பூட்டியதும் நான்தான். ஆனால் இருபத்திரண்டு நாள் கேட்ட மருந்து ஒரே நாளில் கேட்காமல் போகாது. அன்று காலை அவள் அதை விழுங்காமல் துப்பியிருப்பாள். என்னை ஏமாற்றியே பழகியவள், சார்.