முதல் மடக்கு

காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ருசி கிடையாது, ஐயா. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கினதுபோல இருக்காது. நான் கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஆற்றுத் தண்ணீரை அப்படியே மொண்டு குடித்து வளர்ந்தவள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபிறகுதான் தண்ணீரைக் காய்ச்சக் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சபாபதி ரயில்வே கிளார்க். சுத்தம் பார்க்கிறவர்.

தண்ணீரிடம் இருந்த பயத்தைவிட என்னிடம்தான் அவருக்குப் பயம் அதிகம். தோட்டத்துப் பெண்கள் புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள மருந்து வைப்பார்கள் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தால், "மொதல்ல நீ ஒரு மடக்குக் குடி" என்பார். குடிப்பேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் குடிப்பார். என் தம்பி நாகையா முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான் சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அன்றோடு எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

போன மாதம் பக்கத்துக் கம்பத்தில், அந்த மலாய்க்காரர் கிராமத்தில், வாந்திபேதி பரவியது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் யாரும் குடிக்கக் கூடாது என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். அன்றைக்கு நான் குடிதண்ணீர்ப் பானையைக் கொதி வருவதற்கு முன்பே இறக்கினேன். உலைத் தண்ணீர் எப்படியும் கொதித்துவிடும், அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. என் மகள் புஷ்பவல்லிக்கு மட்டும் வேறு பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவைத்து எடுத்து வைத்தேன். அவள் என் உயிர், ஐயா. எனக்கோ ஆற்றுத் தண்ணீர் பழகிய வயிறு. அவர் எப்போதும் தண்ணீரில் நான் எதையாவது போட்டேனா என்றுதான் பார்ப்பார். செய்யாமல் விட்டதைப் பார்க்க அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை செம்பை நீட்டினேன். அவர் என்னைக் குடிக்கச் சொல்லவில்லை.

"நீ ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்த கட்டை. ஒனக்கு எதுவும் செய்யாது" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "புஷ்பா, இங்க வாம்மா. நீ ஒரு வாய் குடி. பெத்த புள்ளைக்கு இவ மருந்து வைக்க மாட்டா."

நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் அவர் என்னைச் சந்தேகப்பட்டது சரி என்று ஆகியிருக்கும். அதை மட்டும் அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பிள்ளை ஒரு வாய் குடித்தாள். "இந்தத் தண்ணி நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டுச் செம்பு முழுவதையும் குடித்து முடித்தாள். அவர் சிரித்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தாகத்தோடேயே கிளம்பிப் போனார்.

அடுத்த நாள் பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

நான் மருந்து கலந்துவிட்டேன் என்று அவர் புகார் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அது அபாண்டம், ஐயா. நான் எதையும் கலக்கவில்லை. அவர் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். கூப்பிட்டுக் கேளுங்கள், பிள்ளை கையில் அந்தச் செம்பைக் கொடுத்தது யார் என்று.