சைடுகார் வேண்டாம்

கோலார் தங்கச் சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருடம். பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் போகும் காலை ரயிலில், மடியில் கைத்தடியோடு என் எதிரே உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுப் பெண் திடீரென்று குரலை உயர்த்தினார்.

"என்னைத் தொட்டியில வெச்சு இட்டுனு போறாராம். நான் இன்னா பூசணிக்காயா?"

பக்கத்திலிருந்த இளையவள் திரும்பினாள். "யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரர்தான். எனக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சில்ல, அதுக்காக புல்லட்டுக்குப் பக்கத்துல தொட்டி மாதிரி சைடுகார் மாட்டணுமாம்."

"நல்லதுக்குத்தானே சொல்றார்?"

"இன்னா நல்லது? கல்யாணத்தப்போ அந்த வண்டியில ஒத்தை சீட்டு. எனக்காக நீட்டு சீட்டு போட்டார். பெரியவ பொறந்ததும் டேங்க் மேல குட்டி சீட்டு. சின்னவ பொறந்ததும் பின்னால புடிச்சிக்க கம்பி. இருவத்தஞ்சு வருசமா அவர் தோளைப் புடிச்சினு காதுல பேசினே வந்திருக்கேன். இப்போ தனியா கீழ உக்கார வெச்சா யார்கிட்ட பேசுறது? ரோட்டுகிட்டயா?"

இளையவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நேத்து அவர் ஷிஃப்டுக்கு நடந்து போனதும், என் தம்பிய புல்லட்டை எடுக்கச் சொல்லி ஆண்டர்சன்பேட்டை வெல்டர்கிட்ட போனேன். கால் வெச்சு ஏற தாழ்வா ஒரு படி வெக்கச் சொன்னேன். ஏறிப் பாத்தேன், ஒண்ணும் வலிக்கல."

"மாமா இன்னா சொன்னார்?"

"சைடுகாருக்கு ஆர்டர் குடுத்துட்டேனேன்னு முழிக்கிறார். வரட்டும், நீங்க அதுல உக்காருங்க, வண்டிய நான் ஓட்டுறேன்னுட்டேன்."