நாற்பது புறாக்களின் இடது இறக்கை

விசாரணைக் குழுவுக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிற தோழிகளே, விதிமுறைகளையெல்லாம் தலைவர் சொல்லிவிட்டார். எனக்கு மிச்சம் ஒரு குட்டிக் கதைதான். கேளுங்கள்.

அதில் நான் பேச வேண்டியிருந்தது ஆறே சொல். "சார், விரிசல் எல்லாம் ஒரே பக்கம் இருக்கு." அன்றைக்கு அதை நான் சொல்லவில்லை...

படிப்பு முடிந்த கையோடு விருத்தாசலம் பக்கம் ஒரு பீங்கான் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே லூர்துமேரி என்று ஓர் அக்கா. செய்தித்தாளைக் கசக்கிப் புறா மாதிரி பிடித்து, அதன்மேல் மண்குழம்பு பூசுவார். சூளையில் காகிதம் எரிந்துவிடும், புறா நிற்கும்.

கேட்க எளிது, இல்லையா? ஆனால் காயக் காய மண் சுருங்கும். உள்ளே காகிதம் கல் மாதிரி இறுகிக் கிடந்தால் மண் எங்கே போகும்? வெடிக்கும். அதனால் அக்கா காகிதத்தைத் தளர்வாகத்தான் கசக்குவார். ஊறவைத்து அரைத்த காகிதத்தைக் குழம்பிலும் கலப்பார், மண்ணைப் பிடித்து வைக்க. மெல்லிசாக ஒரு பூச்சு, அது இறுகியதும் இன்னொன்று. பிறகு ஈரத்துணி, அதன்மேல் பாலிதீன். தினம் ஒரு விரற்கடை மட்டும் திறப்பார்.

"எல்லாப் பக்கமும் ஒண்ணா காயணும் பாப்பா. ஒரு பக்கம் முந்திக்கிச்சுன்னா, இழுத்துக் கிழிச்சிடும்."

அக்கா ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். அப்போது செய்துகொண்டிருந்த நாற்பது புறாவும் பழுதில்லாமல் சூளைக்குப் போனால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

அப்போது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் பார்வையிட வந்தார். எங்கள் மேலாளர் சிகாமணி சார் பாலிதீனை எடுக்கச் சொன்னார். இன்னும் மூன்று நாள் மூடியிருக்க வேண்டும் என்று அக்கா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஏம்மா, புறாவுக்குக் குளிருதா?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நாற்பது புறாவையும் வாசலைப் பார்த்து வரிசையாக நிறுத்தினார்கள். பெரியவருக்கு வியர்த்தது. உடனே ஒரு பெரிய ஃபேன் வந்தது. இந்தப் பக்கம் ஃபேன், அந்தப் பக்கம் பெரியவரின் நாற்காலி, நடுவில் புறா மேசை... அவர் மிக்சர் சாப்பிட்டார், டீ குடித்தார், தரம் என்றால் என்ன என்று இரண்டு மணி நேரம் விளக்கினார். அந்த இரண்டு மணி நேரமும் ஃபேன் சுற்றியது.

மறுநாள் காலை பார்த்தால் நாற்பதும் விரிசல்.

சிகாமணி சார் வந்தார். ஒரு புறாவைத் தூக்கினார், வைத்தார். அவ்வளவுதான் விசாரணை. மண்ணைச் சரியாகச் சலிக்கவில்லை, கவனக்குறைவு என்று தாள் எழுதினார்.

"மூணு தடவை சலிச்சேன் சார். காத்துதான் சார்..."

"காத்துல புறா பறக்கும்மா. வெடிக்காது."

பயிற்சிக்கு வந்திருந்த எங்கள் நாலு பேரையும் பார்த்து, "மண்ணுதானே?" என்றார். மூன்று தலை ஆடியது. நான் மேசையைப் பார்த்தேன். நாற்பது புறாவுக்கும் இடது இறக்கையில்தான் விரிசல். ஃபேன் நின்ற பக்கம். வலது இறக்கை ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

நான் கேட்கிறேன்... அந்த மண் என்ன, கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியதா, இடது பக்கம் மட்டும் வெடிப்பது என்று? சலிக்காத மண் வலது பக்கம் மட்டும் சலித்துக்கொண்டதா? கண் இருக்கிற யாருக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தாளில் நான்காவது சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

படித்த பெண். நிறைய புத்தகம் வாசிக்கிற பெண். ஆறு சொல் வரவில்லை.

தோழிகளே, இதை எதற்குச் சொல்கிறேன்? நாளைக்கு உங்கள் முன்னாலும் ஒரு தாள் வரும். அழகாகத் தட்டச்சு செய்திருப்பார்கள். கவனக்குறைவு என்ற சொல் அதில் நிச்சயம் இருக்கும். ஏதோ ஒன்று உடைந்திருக்கும், அதைக் கடைசியாகத் தொட்டவள் தலைகுனிந்து நிற்பாள். மேலே இருப்பவர் ஒரு நகைச்சுவை சொல்லுவார்... சிரிக்காதீர்கள். எழுந்து அந்த மேசையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். விரிசல் எந்தப் பக்கம்? மூடியிருந்ததைத் திறக்கச் சொன்னது யார்? ஃபேன் யாருக்காகப் போட்டது? இதையெல்லாம் கேளுங்கள். பேனாவை அப்புறம் திறக்கலாம்.

லூர்துமேரி அக்காவை அந்த மாதமே நிறுத்திவிட்டார்கள். ஃபேனையும் நாற்காலியையும் சிகாமணி சார் தனக்கென்று அங்கேயே வைத்துக்கொண்டார். அடுத்த நாற்பது புறாவை வேறொருவர் செய்தார். புது மண், நான்கு தடவை சலித்தது. அதே மேசையில் காய வைத்தார்கள்.

இடது இறக்கையில்தான் விரிசல் விட்டது.