கொண்டைக்குருவியின் மூன்று கூடுகள்

கொண்டைக்குருவி முட்டையின் நிறத்தைத் தாளில் கொண்டுவருவது கஷ்டம் என்பாள் என் மனைவி. வெளிறிய ரோஜா நிறம். அதன்மேல் செங்கல்பொடி தூவினாற்போல் புள்ளிகள்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் அவள் வரையக் கற்றுக்கொண்டாள். சமையலறை ஜன்னலோரம் நாற்காலி, மடியில் நோட்டு. ஓணான், அணில், வண்ணத்துப்பூச்சி என்று கொல்லைக்கு வந்த எதையும் விட்டதில்லை, என்னைத் தவிர.

"நீங்க ரெண்டு நிமிஷம் ஒரு இடத்துல உட்கார மாட்டீங்க. இந்த ஓணானைப் பாருங்க, சம்பளம் வாங்கின மாதிரி போஸ் குடுக்குது."

செம்பருத்தியில் அந்தக் குருவி கூடு கட்டிய வாரம், அவள் வயிற்றில் கட்டி இருப்பதாக டாக்டர் சொன்னார். இரண்டு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பிழைத்துக்கொள்வாள். மகள் தன் ஊரில் எல்லா ஏற்பாடும் செய்தாள். அதன்பின் அம்மாவைத் திருப்பி அனுப்பப் போவதில்லை என்றும் சொன்னாள். என்னைப் பற்றிப் பேச்சே இல்லை. மகளுக்கும் எனக்கும் ஆகாது.

மனைவி போனில் கெஞ்சினாள். "குஞ்சு பறக்கிற வரைக்கும் வரைஞ்சு முடிச்சுட்டு வரேன்டி. ஒரு மாசம்தானே."

மூன்று முட்டைகள். அவள் குளிக்கப் போனபோது எடுத்துவிட்டேன். இளஞ்சூடாக இருந்தன. காகம் என்றேன். அவள் அழுதாள், நான்தான் தேற்றினேன்.

சில நாளில் பக்கத்துக் கிளையில் புதுக் கூடு. இதன் குஞ்சையாவது வரைந்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்றாள். காகம் அண்டாமல் சுற்றிலும் முள் கட்டச் சொன்னாள். நன்றாகவே கட்டினேன், என் கை நுழைய மட்டும் இடம் விட்டு.

அந்த முட்டைகளும் போன பிறகு மகள் என்னைக் கூப்பிட்டாள். "அம்மாவைக் குருவி பிடிச்சு வெச்சிருக்கா, இல்ல நீங்களா?"

"உங்கம்மா என்னிக்கு என் பேச்சைக் கேட்டா?" என்றேன்.

மூன்றாவது கூட்டின்போது அவளால் தூரிகையை வெகுநேரம் பிடிக்க முடியவில்லை. வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

"இந்தத் தடவை பறந்துடும் இல்லங்க?"

"பறந்துடும்."

மறுநாள் காலை எடுத்தேன்.

கடைசியில் மகளே வந்து அழைத்துப் போனாள். டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார். பதினோரு நாள் இருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் அந்த நோட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கங்களில் முட்டைகள் மட்டும்தான். ஒரு குஞ்சுகூட இல்லை. நிமிர்ந்து என்னையே பார்த்தாள். நான் எதையும் மறைக்கவில்லை, இப்போது உங்களிடம் சொன்னதைத்தான் அவளிடமும் சொன்னேன். ஆனால் ஒன்று அவளுக்கு விளங்கவில்லை.

போகாதே என்று என் மனைவியை நான் ஒரு நாளும் தடுத்ததில்லை.