மரத்தின் பாவாடை மேடைக்கு மேலே

ஸ்டோர் சாவியையும் சிரிப்பையும் எளிதில் வெளியே எடுக்காத தலைவர், எங்கள் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்கையா ராமச்சந்திரன் அவர்களே! அவரைத் தாங்கித் தாங்கித் தளர்ந்துபோன பிளாஸ்டிக் நாற்காலி அவர்களே! தலை நரைத்த பெரியோர்களே! காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, மாலையில் என் கழுத்தை வெட்டக் காத்திருக்கும் தாய்மார்களே! தாழ்மையான வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘பாலித்தீனின் பயன்கள்’. பாலித்தீன் என்றால் என்ன? கம்பெனிக்கு வரும்போது அது சவ்வரிசி போல மணி மணியாய் இருக்கும். உருக்கி ஊதினால் பை! உருக்கி வார்த்தால் வாளி! உருக்கி இழுத்தால்...

“ஒன் நாக்கு!” என்கிறார் கூட்டத்திலிருந்து மூக்காயி அக்கா.

இல்லை அக்கா, கயிறு! என் நாக்கு சுத்தமான ரப்பர். இழுக்க இழுக்க நீளும்.

பெயரைப் பாருங்கள்! பாலித்தல் என்றால் காத்தல். நம் பாலைப் பாலிப்பதால்தானே அது பாலித்தீன்? விஞ்ஞான வாத்தியார் முறைக்கிறார். தமிழ் வாத்தியார் தலையாட்டுகிறார். எனக்கு அது போதும்.

மழை பெய்தால் மரத்தில் வழியும் தண்ணீர் சிரட்டையில் விழுந்து பாலைக் கெடுக்கும். அதனால் மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைய வேலைப் பதிவில் பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளம் ஏது? தெரணியகலையில் மழை இல்லாத நாள்தான் ஏது? ஆனால் வெட்டுக்கு மேலே, மரத்தின் இடுப்பில் ஒரு பாலித்தீன் பாவாடை கட்டிவிட்டால்? மழை பாவாடையோடு போகும். பால் சிரட்டையோடு சேரும்!

அந்தப் பாவாடையைத்தான் நம் அம்மாமார் சித்திரையிலிருந்து கேட்கிறார்கள். கண்டக்கையா என்ன சொன்னார்?

“பாலித்தீன் ரோல் இன்னும் வரல்லம்மா. வந்தா ஒங்களுக்குத்தானே!”

இதோ, ரோல் வரவில்லை, மழை வந்துவிட்டது! நீங்கள் நனைகிறீர்கள். நான் நனையவில்லை. தலைவர் நனையவில்லை. ஏன்? அண்ணாந்து பாருங்கள்! மேடைக்கு மேலே, கறுப்பாய், பளபளப்பாய்...

“அடப்பாவி, நம்ம மரத்துப் பாவாடைடா அது!”

ஆம் அக்கா! மரம் அம்மணமாய் நிற்கிறது. மேடை பாவாடை கட்டி நிற்கிறது! இது நியாயமா? இது நீதியா? இது... கண்டக்கையா எழுந்துவிட்டார்.

“டேய், மைக்கக் குடுடா! நாளைக்குக் காலையிலயே கழட்டி அஞ்சாம் மலை மரங்களுக்கு அனுப்புறேன். போதுமா?”

“காலையில எதுக்குங்க ஐயா? நாங்கதான் இப்பவே வந்திருக்கோமே!” என்று மூக்காயி அக்கா மேடை ஏறிவிட்டார். முதல் முடிச்சு அவிழ்ந்தது! தலைவரே, நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கின் பயன்களில் அதுவும் ஒன்று!

இதுவரை நனைந்து கேட்டவர்களுக்கு என் நன்றி. இனி நனையப்போகிறவர்களுக்கு என் வணக்கம்!