தேநீராய்க் கரைந்த தேசம்

குதிரைவால் மயிர் விசிறியைக் கையில் ஏந்தி, கொசுவையும் கூட்டத்தையும் ஒருசேர அடக்கியபடி இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் ஊர்த்தலைவி அகுலீனா செம்யோனொவ்னா அவர்களே, மாவட்டத் தலைநகரிலிருந்து புதுப் பாலத்தின் மேல் சக்கரம் நனையாமல் வந்து இறங்கியிருக்கும் தேர்வுக்குழுத் தலைவி ஃபெவ்ரோனியா யெகோரொவ்னா அவர்களே, சற்றுமுன் நெருப்புக்கு வெண்ணெயும் நுரைத்த குதிரைப்பாலும் ஊட்டி வாழ்த்துப் பாடிய பெரியோர்களே, விடியும் முன்பே அப்பம் சுடத் தொடங்கி இன்னும் கையில் மாவு உலராத தாய்மார்களே, தோற்ற வருத்தத்தை வெளியே காட்டாமல் எங்களைவிட இரண்டு பங்கு அதிகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அன்பான அக்கரை ஊர்க்காரர்களே, வட்ட நடனத்துக்குக் கைகோத்துவிட்டு, இந்தக் கிழவன் எப்போது முடிப்பான் என்று கால்மாற்றி நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இன்னகேந்தி கவ்ரிலொவிச்சின் நடுங்கும் வணக்கம்.

நடுக்கம் குரலோடு நிற்க வேண்டும். கைக்கு வரக் கூடாது. ஏனென்றால் என் கையில் இந்த மரக்கிண்ணம் இருக்கிறது. கிண்ணத்தில் ஒரு பனிக்கட்டி. காலையில் நிலத்தடிக் கிடங்கிலிருந்து எடுத்தபோது செங்கல் அளவு இருந்தது. இப்போது சவர்க்காரக் கட்டி அளவு. இது கரைந்து முடிவதற்குள் நான் பேசி முடிக்க வேண்டும் என்பது தலைவியின் கட்டளை. எனக்குத் தந்த தலைப்போ, "சகா நாட்டின் நிலமும் வரலாறும் மக்களும்". நான் நாற்பத்திரண்டு பக்கம் எழுதி வந்திருக்கிறேன்.

யாரோ அங்கே பெருமூச்சு விட்டது மேடை வரை கேட்டது. கவலை வேண்டாம், ஐயா. வெயில் உங்கள் கட்சி.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நீரைக் குடிக்க வேண்டிய ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் மாலைதோறும் என் வீட்டில் தேநீர் குடித்தவர். பிப்ரவரியிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்காதவர். எங்கள் மன்றத்தின் அடுப்புக்காரர், என்னைக் கேஷா என்று செல்லமாக அழைக்கும் என் நண்பர் ஸ்பிரிதோன். அதோ, குதிரை கட்டும் மூன்றாவது கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறார். கம்பம் ஒல்லி, அவர் ஒல்லி இல்லை, ஆகவே தெரிகிறார். இன்று அவர் இந்தக் கிண்ணத்தை வாங்குவாரா மாட்டாரா? எனக்கு இந்த விழாவில் வேறு கேள்வியே இல்லை. ஆனாலும் தலைப்பு தலைப்புதான். தொடங்குகிறேன்.

எது எங்கள் நிலம்? முப்பது லட்சம் சதுரக் கிலோமீட்டருக்கு மேல் முழுதாய் உறைந்து கிடக்கிறதே, அது எங்கள் நிலம். நில ஆய்வுக் குழுவின் வரைபட மேசையில் நாற்பத்தோரு ஆண்டுகள் நான் "யாகூத்தியா" என்று, ரஷ்யர் இட்ட பெயரை ரஷ்ய எழுத்தில் எழுதி எழுதி விரல் காய்த்துப்போனேனே, அது எங்கள் நிலம். மேலே ஓர் அடி இளகும், கீழே நூற்றுக்கணக்கான அடி இறுகும், ஒருபோதும் உருகாத உறைநிலம் எங்கள் நிலம். இந்த நிலத்தில் நாம் எத்தனை பேர்? சுமார் பத்து லட்சம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு மூன்று சதுரக் கிலோமீட்டர் வருகிறது. அப்படியிருந்தும் மேடை ஏறும்போது ப்ரகோப்பி அண்ணன் என் காலைத்தான் மிதித்தார்.

எது எங்கள் வரலாறு? தெற்கிலிருந்து எல்லேய் என்னும் மூதாதை லேனா ஆற்றோடு இறங்கிவந்தார் என்கிறோம். குளிர் இவ்வளவு இருக்கிறதே, திரும்பிப் போவோம் என்று அவர் நினைத்தாரா? இல்லை. குதிரையைக் கட்டக் கம்பம் நட்டார், பால் கறந்தார், விருந்து வைத்தார். அந்த விருந்துதான் இன்று நாம் கூடியிருக்கும் இந்தக் கோடை விழா. பிறகு ரஷ்ய மன்னரின் குதிரைவீரர்களான கோசக்குகள் வந்தார்கள், மரக்கோட்டை கட்டினார்கள், மென்மயிர்த் தோலை வரியாகக் கேட்டார்கள். பிறகு நாடுகடத்தப்பட்டவர்கள் வந்தார்கள். வந்தவர் எல்லோருக்கும் நாம் முதலில் என்ன கொடுத்தோம்? தேநீர். வாளோடு வந்தவனுக்கும் தேநீர், விலங்கோடு வந்தவனுக்கும் தேநீர். அந்தத் தேநீர்தான் என்னைக் கவிழ்த்தது. அங்கே வருகிறேன்.

இங்கே வந்திருக்கும் விருந்தினர்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் நடந்து வந்த பாலத்துக்கு வயது இரண்டு மாதம். அதற்கு முன் எங்கள் உஸ்குயோல் ஊர், வசந்தத்தில் மூன்று வாரம், இலையுதிர் காலத்தில் மூன்று வாரம், உலகத்தோடு ஒட்டாத ஊர். பனி மேல் நடக்கவும் முடியாது, படகு விடவும் முடியாது. சென்ற அக்டோபரில் நர்ஸ் துயாரா அக்கரையில் மாட்டிக்கொண்டாள். பத்தொன்பது நாள். அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள். ஆற்றின் அந்தப் பக்கம் நின்று, ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் சொல்லி மருத்துவம் சொன்னாள். "ப்ரகோப்பி அண்ணே, மூலத்துக்குக் குடுத்த களிம்பைத் தடவுறீங்களா இல்லையா? எத்தனை வேளை?" ப்ரகோப்பி அண்ணன் தலையை ஆட்டினார். அது போதாதாம். "கேக்கலண்ணே, சத்தமாச் சொல்லுங்க" என்றாள். இரண்டு கரையும் கேட்க அவர் சொன்னார். அன்று முதல் எங்களுக்குப் பாலம் வேண்டும் என்று ஊரிலேயே உரக்கக் கேட்டவர் அவர்தான். சிரிக்காதீர்கள். அண்ணன் இப்போது நலமாக இருக்கிறார், உட்கார்ந்தே இருக்கிறார் பாருங்கள்.

மாவட்ட விழாவை எந்த ஊர் நடத்துகிறதோ, அந்த ஊருக்கு வழி போட்டுத் தருவது வழக்கம். ஆகவே விழா வந்தால் பாலம் வரும். பிப்ரவரியில் தேர்வுக்குழு வருவதாக இருந்தது. அக்கரை ஊரிடம் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. எங்களிடம் என்ன இருந்தது? அகுலீனா என்னைக் கூப்பிட்டு, சகா நாடு முழுவதையும் பனிக்கட்டியில் செதுக்கித் தரச் சொன்னாள். எனக்கு அவ்வளவு திறமை இல்லை என்று சொன்னேன். அதை எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எழுதினேன். கிழித்துப் போட்டாள்.

எங்கள் ஊரின் மூன்று ஏரிகளில் நடு ஏரியில், குமிழியே இல்லாத இடத்தில், கதவு அளவுக்கு ஒரு பலகை அறுத்து எடுத்தேன். முடியும்வரை யாருக்கும் காட்டாமல் முப்பத்து மூன்று நாள் செதுக்கினேன். லேனா ஆற்றுக்கு ஒரு உளி, வில்யூய்க்கு ஒரு உளி, வெர்கோயான்ஸ்க் மலைத்தொடருக்குச் சூடான இரும்பு. ஒலென்யோக் ஆற்றின் ஒரு வளைவு சரியா என்று ஆறு நாள் சந்தேகப்பட்டேன். ஏழாம் நாள் சரி என்று தெரிந்தது. எட்டாம் நாள் மறுபடி சந்தேகப்பட்டேன். வேலை முடிந்ததும் அதை எங்கே வைப்பது? ஆபத்துகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். வெயில், நாய், புகைபோக்கி, பிள்ளைகளின் பந்து, மாட்டின் நாக்கு, காற்று, இரவில் எழுந்து போய் எதையாவது திருத்திக் கெடுத்துவிடக்கூடிய நான். ஏழுக்கும் தப்பிய இடம் ஒன்றே ஒன்று. மன்றத்துப் பின்சுவரோரம், குளிர்காலத்துக்குக் குடிநீராக ஊரார் அடுக்கி வைத்திருக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே நிறுத்தினேன். பனிக்குப் பனியே காவல் என்று எனக்கு அன்று ஒரு கர்வம்கூட வந்தது.

எட்டாவதாக நான் எழுதாமல் விட்டது எது? ஆம். நீங்கள் சொல்வது சரி, அம்மா. தேநீர்.

குழு வந்த அன்று பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தொன்பது பாகை. கையை நீட்டினால் விரல் தெரியாத உறைமூடுபனி. அகுலீனா ஸ்பிரிதோனைக் கூப்பிட்டு, விருந்தாளிகளுக்கு நல்ல கட்டியாகப் பார்த்து எடுத்துவரச் சொன்னாள். நம் வழக்கம் என்ன? வீட்டாருக்கு எந்தக் கட்டியும் ஆகும். வெளியாருக்கு மட்டும் கண்ணாடி போன்ற கட்டி. ஸ்பிரிதோன் நேர்மையான மனிதர். கோடரியோடு போனார். தடவித் தடவிப் பார்த்தார். அத்தனை கட்டியிலும் தூய்மையான கட்டி எதுவோ, அதை உடைத்து எடுத்து மன்றத்து அண்டாவில் போட்டார்.

மன்றத்தில் ஃபெவ்ரோனியா அம்மையார் மூன்று கோப்பை குடித்தார்கள். கூட வந்த இருவரும் இரண்டிரண்டு. இவ்வளவு ருசியான தண்ணீரை மாவட்டத்தில் எங்கும் குடித்ததில்லை என்று பாராட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து, வரைபடத்தைப் பார்க்க வாருங்கள் என்று அழைத்துப் போனேன். பின்சுவருக்குப் போனோம். கட்டிகள் இருந்தன. சகா நாடு இல்லை.

ஸ்பிரிதோனைக் கேட்டேன். "இங்க நின்னுச்சே, பெரிய கட்டி ஒண்ணு?"

"கோடு கோடா இருந்துச்சே, அதுவா? குளிருக்கு வெடிச்சதுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கேஷா, அது என்னது?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார், நாற்பத்தொன்பது பாகையில்.

அப்போது அம்மையார் கேட்டார்கள். "அப்ப நான் குடிச்சது என்ன?"

எனக்கு ஒரு குறை உண்டு. யாராவது கேள்வி கேட்டால் கணக்குப் போட்டுவிடுவேன். கட்டி வடக்கு மேலாக நின்றது, ஸ்பிரிதோன் மேலிருந்து உடைத்திருக்கிறார். ஆகவே முதல் கோப்பையில் வடகடற்கரையும் லேனாவின் கழிமுகமும் இருந்தன, இரண்டாவதில் வெர்கோயான்ஸ்க் மலை, மூன்றாவதில் வில்யூய் என்று சொன்னேன். குழுவின் மூன்றாமவர், தான் இரண்டு கோப்பைதான் குடித்ததாகச் சொன்னார். "அப்ப உங்களுக்கு வில்யூய் இல்லீங்க" என்றாள் அகுலீனா. அவர் முகம் சுளித்தார். பாலம் போயிற்று என்று நினைத்தேன். ஊர் முழுவதும் அப்படியே நினைத்தது.

அம்மையாரோ வெறும் கோப்பையைக் கொண்டுவரச் சொல்லி அதன் அடியைப் பார்த்தார்கள். அவர்கள் அன்று சொன்னதை அவர்கள் முன்னிலையிலேயே சொல்கிறேன். தவறிருந்தால் திருத்துங்கள், அம்மா.

"போர் நடந்தப்ப எங்கம்மாவ மீன் பிடிக்கன்னு படகுல ஏத்தி அந்தக் கழிமுகத்துக்குத்தான் அனுப்புனாங்க. பதினாலு வயசு. ஒரு வாய் சூடா ஏதாச்சும் குடிக்க மாட்டமான்னு ஏங்கிக் கெடந்தேன்னு சாகுற வரைக்கும் சொல்லுவா. நான் பொறந்ததும் அங்கதான். அந்த எடத்தையே சூடா எனக்குக் குடுத்திருக்கீங்க."

பிறகு கேட்டார்கள். "உங்க ஊரு எங்க? அதையும் காய்ச்சிட்டீங்களா?"

ஸ்பிரிதோன் ஓடினார். அடுப்பருகே வாளியில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அல்தான் ஆற்றின் வளைவு, மூன்று ஏரிகள், ஏரிக்கரையில் ஊசிமுனையளவு ஒரு புள்ளி. உஸ்குயோல்.

"அதக் கெடங்குல வைங்க. விழா அன்னிக்கு வெளிய எடுங்க."

"எந்த ஊரு விழாவுக்குங்க?" என்று அகுலீனா கேட்டாள்.

"இந்த ஊரு விழாவுக்குத்தான். வேற எதுக்கு?"

வாக்கு இரண்டுக்கு ஒன்று. எதிர்த்து வாக்களித்த மூன்றாமவர் இன்று மேடையில் இடது ஓரம் அமர்ந்திருக்கிறார். ஐயா, உங்களுக்கு வர வேண்டிய வில்யூய் கோப்பை நிலுவையில் இருக்கிறது; விருந்தில் ஈடுகட்டுகிறோம்.

பாலம் வந்தது. நர்ஸ் தடையின்றி வந்தாள். ஒலிபெருக்கி ஓய்வு பெற்றது. எல்லோரும் வந்தார்கள். என் வீட்டுக்கு வர வேண்டிய ஒருவர் மட்டும் வரவில்லை. விடியற்காலையில் என் வாசலில் விறகு பிளந்து அடுக்கியிருக்கும். பிளந்தவர் இருக்க மாட்டார். நான் முப்பத்து மூன்று நாள் பட்ட பாட்டை மூன்று நிமிடத்தில் உடைத்துவிட்டதாக அவர் ஊரெல்லாம் சொல்லி வருந்துகிறாராம்.

பெரியோர்களே, தாய்மார்களே, யார் செய்த பிழை அது? விருந்தாளிக்கு நல்ல கட்டி தேடியது பிழையா? நம் முன்னோர் செய்ததைச் செய்தது பிழையா? நாற்பத்தோரு ஆண்டுகள் ஆற்றுக்கெல்லாம் பெயர் எழுதினேன், மலைக்கெல்லாம் பெயர் எழுதினேன், மனிதர் போகாத ஓடைக்கும் பெயர் எழுதினேன். அந்த ஒரு கட்டியின் மேல், "இது குடிக்க அல்ல" என்று எழுதாமல் விட்டது யார்? நான். கேட்டபோது வாய்மூடி நின்று, நண்பனைத் தொப்பியில்லாமல் குளிரில் நிறுத்தியது யார்? நான்தான். நான்கு மாதமாக இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஆயிரம் பேர் முன்னால் சொல்வது எளிது என்று நினைத்தேன். எளிதாக இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

கட்டி கரைந்துவிட்டது. நாற்பத்திரண்டு பக்கத்தில் நான்கு பக்கம் சொல்லியிருப்பேன். கைதட்டாதீர்கள், மீதியை அச்சிட்டுத் தருகிறேன்.

ஸ்பிரிதோன், கம்பத்தை விட்டு வெளியே வா. வழிவிடுங்கள், தம்பிகளே. வருகிறார். மேடைப் படியில் நிற்கிறார். இதில் நம் ஊர் இருக்கிறது, நண்பா, மூன்று ஏரியும் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் விருந்தாளிகள் குடித்தார்கள். இது உனக்கு என்று எடுத்து வைத்தது.

குடிக்கிறார். ஒரே மடக்கு. என்ன சொல்கிறாய்? எனக்கு மட்டும் சொன்னால் போதாது. அப்புறம் துயாரா ஒலிபெருக்கியோடு வந்துவிடுவாள். இந்தா, ஒலிவாங்கி, இதில் சொல்.

"சாயங்காலம் வரேன். கட்டிய மட்டும் நீயே ஒடச்சு வை, கேஷா. நான் தொட மாட்டேன்."

கேட்டீர்களா? என் உரை முடிந்தது. என் கேள்வியும் முடிந்தது. வாய்ப்பளித்த தலைவிக்கும், பாலம் தந்த குழுவுக்கும், பொறுத்தருளிய வெயிலுக்கும், கொசுக்கடியோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. இளைஞர்களே, வட்டத்தைத் தொடங்குங்கள். எங்கள் இருவருக்கும் அதில் இடம் விடுங்கள். வணக்கம்.