பச்சை மைக்

— நிறுத்தண்டாம் பிரேமா மக்களே, வாசி. தம்பானூர் தையல் கடையில நிக்குற எனக்க மோளு ஒரு மாசமா என்ன எழுதுதாள்னு அறியத்தான் பொன்முடியில இருந்து பஸ் ஏறிக் கல்லாறுக்கு உன் போன் கடை தேடி வந்தேன்.

— வாசிக்கறேன் அம்மச்சி. சுமிக்குக் காது கேக்காதுன்னு சொன்னீங்கல்லோ. பின்ன எதுக்கு இத்தனை வாய்ஸ் அனுப்பிருக்கீங்க? பதினேழு எண்ணம் கெடக்கு, கேட்டோ.

— வாய்ஸா? அது எழுத்துல்லா. எனக்கு எழுத்தறியாதுன்னு தேயிலை எஸ்டேட் லைன் வீட்டு பிஜு காட்டித் தந்தான். ‘தாசம்மாள் மாமி, மைக் படத்த அமுக்கிப் பேசுங்க, போனே எழுதிக்கிடும்’னான்.

— மைக் படம் ரெண்டு இருக்கு. எழுத்துக்கட்டைக்கு மேல நிக்குற சின்ன மைக்க அமுக்கினாத்தான் எழுதும். நீங்க அமுக்கினது ஓரத்துல உள்ள பச்சை மைக். அது குரலாத்தான் போகும்.

— நீல டிக்கு ரெண்டு விழுந்துதே மக்களே.

— விழும். சுமி தொறந்து பாத்திருக்கா. கேக்க முடியல்ல, அவ்வளவுதான்.

— அப்ப நான் சொன்னது ஒண்ணும் அவளுக்குப் போய்ச் சேரல்லியா?

— இல்ல அம்மச்சி. வீடியோ போட்டுக் கையால பேசியிருக்கலாமே. இல்லேன்னா லைன்ல படிச்ச ஆளு யாருகிட்டயாவது காட்டியிருக்கலாம்.

— மலையில வீடியோவுக்கு ரேஞ்சு எங்க கெடக்கு? லைன்ல ஒருத்தருட்ட காட்டினா ஒம்பது வீட்டுக்கும் தெரிஞ்சுபோவும். நான் சொன்னது அப்பேர்ப்பட்ட காரியம். நீ வாசி.

— இது மொத நாளு எழுதினது. மலையாளத்துல இருக்கு, தமிழ்ல சொல்றேன். ‘அம்மா, ஷாஜி வீட்டுல என்னைப் பொண்ணு கேக்கிறாங்க. நான் பொறவியிலேயே இப்படியா? அப்படின்னா எனக்குப் பொறக்குறதுக்கும் வருமோன்னு பயமா இருக்கு. நிச்சயமாச் சொல்லு.’

— ஈஸ்டருக்கு வந்தப்பவும் கேட்டா. எனக்க வயித்தத் தொட்டு, அவ காதத் தொட்டுக் கேட்டா. நான் ஆமான்னு தலையாட்டிட்டேன்.

— அதுக்கென்ன அம்மச்சி?

— பொய் மக்களே. மூணு வயசு வரைக்கும் அவளுக்கு நல்லாக் கேக்கும். கோழி கூவினா கூடவே கூவுவா. பெறவு காய்ச்சல் வந்துது. எனக்க மாப்பிள்ளை தங்கையன் ஆசுவத்திரிக்கு எறக்கிக் கொண்டுபோவோம்னாரு. கொழுந்து கிள்ளுற சமயம், லீவு போட்டா கங்காணி பேர வெட்டிருவான்னு நாந்தான் மூணு நாளு வீட்டுல போட்டு வச்சேன். காய்ச்சல்லதான் காது போச்சுன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு.

— சுமிக்கு இது தெரியவே தெரியாதா?

— எப்படித் தெரியும்? தங்கையனும் செத்துப் போயாச்சு. இதச் சொல்ல எனக்குக் கைப்பேச்சும் தெரியல்ல, அவ மொகத்தப் பாக்க தைரியமும் இல்ல. எழுத்தாப் போனாப் போதும்னு திரும்பத் திரும்ப போன்ல சொன்னேன். இப்ப நீ எழுது. பெத்தவ நாந்தான் காரணம்னு எழுது. பிள்ளைக்கு வராது, தைரியமா ஷாஜியக் கெட்டிக்கோன்னு எழுது.

— எழுதறேன். இந்தத் தண்ணியக் குடிங்க மொதல்ல. இடையில உள்ளதெல்லாம் இதே கேள்விதான். கடைசியா ஒண்ணு வாசிக்கப் பாக்கி இருக்கு, நேத்து வந்தது.

— வாசிச்சுட்டே எழுது.

— ‘அம்மா, இன்னைக்கு ஷாஜிக்கு வேற எடத்துல கல்யாணம். நாந்தான் வேண்டாம்னு சொன்னேன். நான் பட்டத ஒரு பிள்ளை படண்டாம். நீ அனுப்பின குரல வேற யாருகிட்டயும் கேக்கக் குடுக்கல்ல, அது எனக்கு மட்டும் உள்ளதுல்லா. போனக் கன்னத்துல வச்சா அதிருது. நீ என்னைத் தேத்தத்தான் பேசுறேன்னு எனக்குத் தெரியும்.’